ஹ்மாங் மக்கள் யாருக்காகச் செத்தார்கள்?

கேள்வி: லாவோஸில் அமெரிக்காவுக்காகத் துப்பாக்கி தூக்கிய ஹ்மாங் மக்களைப் பற்றிப் பலரும் அனுதாபத்தோடு எழுதுகிறார்கள். காசுக்கும் அரிசிக்கும் சி.ஐ.ஏ.வின் அடியாட்களாகப் போனவர்கள்தானே அவர்கள்? அந்த நாட்டின் மேல் அத்தனை குண்டு விழுந்ததற்கும் அவர்கள்தான் காரணம். இன்று அமெரிக்காவில் வசதியாகவும் இருக்கிறார்கள். இதில் அனுதாபப்பட என்ன இருக்கிறது?
- வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: அரிசிக்காகப் போனார்கள் என்கிறீர்கள். அந்த அரிசிக் கதையை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். ஹ்மாங் மக்கள் வட லாவோஸின் உயரமான மலைகளில் காட்டை வெட்டி எரித்து நெல்லும் மக்காச்சோளமும் அபினும் பயிரிட்டு வந்தவர்கள், சோற்றுக்கு யார் கையையும் எதிர்பார்க்காதவர்கள். 1961 ஜனவரியில் பில் லேர் என்ற சி.ஐ.ஏ. அதிகாரி, லாவோஸ் அரச ராணுவத்தில் இருந்த வாங் பாவ் என்ற ஹ்மாங் அதிகாரியைச் சந்தித்து, வட வியட்நாமையும் லாவோஸ் கம்யூனிஸ்ட்டுகளையும் எதிர்த்து நிற்க உங்கள் ஆட்களுக்கு ஆயுதம் தருகிறோம் என்றார். அப்புறம் ஆண்கள் சண்டைக்குப் போனார்கள், வட லாவோஸின் ஜாடிச் சமவெளியைச் சுற்றிப் போர் நகர நகர ஊர்கள் மூட்டை கட்டிக்கொண்டு மலைக்கு மலை ஓடின, விதைக்க ஆளில்லை, விதைத்த இடத்திலும் அறுக்கும்வரை யாரும் இல்லை. ஒரு கட்டத்தில் சி.ஐ.ஏ.வின் ஏர் அமெரிக்கா நிறுவன விமானம் மேலேயிருந்து போட்ட மூட்டையை நம்பித்தான் அந்த மலைகளில் அடுப்பு எரிந்தது. 1971ல் லாங் பாட் என்ற கிராமத்துக்குப் போன ஆய்வாளர் ஆல்ஃபிரட் மெக்காயிடம் ஊர்க்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? போன பையன்கள் திரும்பவில்லை, மிச்சமிருக்கும் 14 வயதுப் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றோம், உடனே அரிசி போடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று. பிள்ளையைக் கொடு, இல்லாவிட்டால் பட்டினி கிட என்று ஒரு ஊரிடம் சொல்வதற்குப் பெயர் சம்பளம் பேசுவது இல்லை.

வயதைப் பற்றி இன்னொரு கணக்கும் இருக்கிறது, இதைச் சொன்னவர் எதிரி இல்லை, அமெரிக்க அரசின் உதவிப் பணிக்காக அதே மலைகளில் வருஷக்கணக்கில் இருந்த எட்கர் பியூயல். 1968ல் ஒரு பத்திரிகையாளரிடம் அவர் சொன்னார்: புதிதாக 300 பேரைத் திரட்டினோம், அதில் 30 சதவீதம் பேர் 14 வயதோ அதற்குக் கீழோ, 10 பேருக்கு வெறும் 10 வயது, இன்னொரு 30 சதவீதம் பேருக்கு 15, 16, மீதிப் பேர் 45 வயதோ அதற்கு மேலோ. நடுவில் இருக்க வேண்டியவர்கள் எங்கே என்று கேட்டு, அவர்கள் எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று அவரே பதிலும் சொன்னார். அப்போது போர் ஆரம்பித்து ஏழு வருஷம்தான் ஆகியிருந்தது, இன்னும் ஏழு வருஷம் மிச்சம் இருந்தது.

ஒரு இனமே கூடி அமெரிக்காவின் பக்கம் போய் நின்றது என்று நீங்கள் நினைப்பதும் சரியில்லை. வியட்நாம் எல்லையை ஒட்டிய நோங் ஹெட் பகுதியில் லி குலத்துக்கும் லோ குலத்துக்கும் நீண்ட நாள் பகை. அந்த வட்டாரத்தின் தலைமைப் பதவியை பிரெஞ்சுக்காரர்கள் 1930களின் கடைசியில் லி குலத்து தூபி லிஃபூங்கிடம் கொடுத்தார்கள், அது தன் வீட்டுக்கு வர வேண்டியது என்று நம்பியிருந்த லோ குலத்து ஃபைதாங் எதிர்ப்பக்கம் போனார். தூபி பிரெஞ்சுக்காரர்களோடும் பின்னால் அரச லாவோஸோடும் நின்றார், ஃபைதாங் பாதேட் லாவ் கம்யூனிஸ்ட்டுகளோடு நின்றார், இருவர் பின்னாலும் ஹ்மாங் மக்கள் போனார்கள். இருவர் பக்கத்திலும் செத்தார்கள். 1975ல் கம்யூனிஸ்ட்டுகள் வென்று போர் முடிந்ததும் தூபி அவர்களுடைய மறுகல்வி முகாமுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே இறந்தார். கம்யூனிஸ்ட் பக்கத்தில், 2010 முதல் பத்தாண்டுக்கு மேல் லாவோஸ் நாடாளுமன்றத்தின் தலைவராக இருந்து, பிறகு துணை ஜனாதிபதியான பானி யாதோது ஒரு ஹ்மாங் பெண். கம்யூனிஸ்ட் அரசின் உச்சியிலேயே ஹ்மாங் இருந்திருக்கும்போது மொத்த இனத்தையும் அடியாட்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வாங் பாவின் பக்கம் நின்றவர்களுக்கும் அவர்களுடைய காரணம் இருந்தது. வட வியட்நாம் ராணுவம் அவர்களுடைய மலைக்குள் வந்துவிட்டது. 1962 ஜூலையில் ஜெனீவாவில் 14 நாடுகள் கூடி லாவோஸ் நடுநிலை நாடு, வெளிநாட்டுப் படைகள் எல்லாம் அக்டோபருக்குள் வெளியேற வேண்டும் என்று கையெழுத்துப் போட்டன. அமெரிக்கா தன் 666 ராணுவ ஆலோசகர்களை வெளியே கொண்டுபோனது. ஆயிரக்கணக்கில் இருந்த வட வியட்நாம் வீரர்களில் சோதனைச் சாவடி வழியாகக் கணக்குக் காட்டி வெளியேறியவர்கள் 40 பேர். மற்றவர்கள் அங்கேயே இருந்தார்கள். அமெரிக்காவும் சளைக்கவில்லை, தன் ராணுவத்தை எடுத்துவிட்டு சி.ஐ.ஏ.வை விட்டு வைத்தது, லாங் தியெங் என்ற மலைப் பள்ளத்தாக்கில் விமானத் தளம் கட்டியது, எந்த வரைபடத்திலும் அதைக் காட்டவில்லை. அமெரிக்கச் சிப்பாய் செத்தால் அமெரிக்காவில் கேள்வி வரும், ஹ்மாங் பையன் செத்தால் வராது. வேறு நாட்டு மக்களின் பிள்ளைகளைக் கொண்டு போர் நடத்தியதன் முழுக் காரணமும் இதுதான், என்னைக் கேட்டால் இதைவிடக் கேவலமான ஏற்பாடு இருக்க முடியாது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு, அதைத் தமிழில் யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். அந்த 14 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. லாவோஸில் ஒப்பந்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க 1954லேயே போடப்பட்ட சர்வதேச ஆணையத்தில் கனடா, போலந்தோடு இந்தியாவும் இருந்தது, தலைமையே இந்தியாவுடையது. இரண்டு பக்கமும் ஒப்பந்தத்தை மீறின, ஆணையத்தால் எதையும் தடுக்க முடியவில்லை.

குண்டு விழுந்ததற்கு ஹ்மாங்தான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சுத்தமாகத் தவறு. 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் மேல் 5 லட்சத்து 80 ஆயிரம் முறை பறந்து 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. சராசரி போட்டால் ஒன்பது வருஷம், இரவும் பகலும், எட்டு நிமிஷத்துக்கு ஒரு விமானச் சுமை. அதில் பெரும் பகுதி விழுந்தது நாட்டின் தென்கிழக்கில், வட வியட்நாம் தெற்கே ஆளும் ஆயுதமும் அனுப்பிய ஹோ சி மின் பாதையின் மேல். ஹ்மாங் மலைகள் இருப்பது வடக்கில். வடக்கில் விழுந்ததற்கும் ஒரு கதை உண்டு. 1968 நவம்பரில் ஜனாதிபதி ஜான்சன் வட வியட்நாம் மீது குண்டு போடுவதை நிறுத்தினார், அந்த விமானங்களை லாவோஸ் பக்கம் திருப்பிவிட்டார்கள். ஏன் லாவோஸில் திடீரென்று குண்டுவீச்சு கூடியது என்று அமெரிக்க செனட் குழு 1969ல் கேட்டபோது, லாவோஸ் தலைநகர் வியன்தியானின் அமெரிக்கத் தூதரகத்தில் இரண்டாம் நிலையில் இருந்த அதிகாரி சொன்ன பதில்: அத்தனை விமானங்கள் சும்மா நின்றன, வேலை கொடுக்காமல் நிறுத்தி வைக்க முடியுமா? இந்தப் பதிலில் ஹ்மாங் எங்கே வருகிறார்கள்?

அந்தக் குண்டுகளில் 27 கோடி சிறு குண்டுகள் கொத்துக் குண்டுகளிலிருந்து சிதறியவை, டென்னிஸ் பந்து அளவு. ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் புதைந்தன. போர் முடிந்த பிறகு மட்டும் இவற்றால் செத்தவர்களும் கை கால் இழந்தவர்களும் 20 ஆயிரத்தைத் தாண்டும். ஐ.நா.வின் வளர்ச்சி இலக்குகள் 17 என்றால் லாவோஸ் 18வதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது, வெடிக்காத குண்டிலிருந்து உயிர் தப்பி வாழ்வது. 2016ல் லாவோஸுக்கு வந்த ஒபாமா, பதவியில் இருக்கும்போது அங்கே போன முதல் அமெரிக்க ஜனாதிபதி, குண்டு அகற்ற மூன்று ஆண்டில் 9 கோடி டாலர் தருவதாகச் சொன்னார். 2025 ஜனவரியில் வெளிநாட்டு உதவியை வாஷிங்டன் ஒரே உத்தரவில் நிறுத்தி வைத்தபோது இந்த வேலையும் நின்றது. குண்டு அகற்றும் பணத்தைத் தர்மம்போல நினைத்தால்தான் இப்படி நிறுத்தத் தோன்றும், அது கடன்.

வாங் பாவைப் பற்றிக் கேட்டால், அவரைத் தியாகியாக்க எனக்கு விருப்பம் இல்லை. வீரர்தான். ஆனால் சின்னப் பையன்களை முன்னால் அனுப்பிய படைக்குத் தளபதி அவர், மேலே சொன்ன அரிசி விஷயத்தில் அவருக்கும் பொறுப்பு உண்டு. 1975 மே மாதம், பாதேட் லாவ் நெருங்கிவிட்டது என்று தெரிந்ததும், லாங் தியெங்கிலிருந்து நாலைந்து நாளில் விமானத்தில் ஏற்றப்பட்டவர்கள் சுமார் 2,500 பேர், பெரும்பாலும் அதிகாரிகளும் அவர்கள் குடும்பமும். மே 14 அன்று வாங் பாவும் போனார். ஓடுபாதை ஓரத்தில் ஆயிரக்கணக்கான பேர் அடுத்த விமானம் வரும் என்று நின்றார்கள், வரவில்லை. சிலர் வியன்தியானை நோக்கி நடந்தார்கள், மே கடைசியில் ஹின் ஹூப் பாலத்தில் சிப்பாய்கள் அவர்களைச் சுட்டார்கள். மற்றவர்கள் காட்டுக்குள் போய், வாரக்கணக்கில் நடந்து, இரவில் மீகாங் நதியைக் கடந்தார்கள், மூங்கில் கட்டைப் பிடித்துக்கொண்டு. குழந்தை அழுதால் ரோந்துக்குக் கேட்டுவிடும் என்று தாய்மார் அபின் கொடுத்தார்கள், அளவு கூடிப்போய்ச் செத்த குழந்தைகள் நிறைய. இதைக் கடந்து வந்த பெண்கள் தாய்லாந்தின் பான் வினாய் முகாமில் உட்கார்ந்து துணியில் பூத்தையல் போட்டார்கள், பரம்பரையாக வந்த கோலங்களுக்குப் பதிலாக விமானம், துப்பாக்கி, ஆறு, நீந்தும் மனிதர்கள். அந்தத் துணிகள் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன, படிக்கத் தெரியாதவர்கள் எழுதிய வரலாறு அது.

தாய்லாந்து சேர்ந்தவர்கள் எல்லாருக்கும் விமோசனம் கிடைத்துவிடவும் இல்லை. 2009 டிசம்பரில் பெட்சபூன் மாகாண முகாமிலிருந்து நாலாயிரத்துக்கு மேற்பட்ட ஹ்மாங் பேரை தாய் ராணுவம் லாரியில் ஏற்றி லாவோஸிடம் ஒப்படைத்தது. எத்தனை நாடுகள் கேட்டும் நிறுத்தவில்லை.

கடைசியாக, வசதி. அமெரிக்கா முதலில் இவர்களை ஒரே இடத்தில் சேரவிடாமல் பல மாநிலங்களில் பிரித்துப் போட்டது. குலம் இல்லாமல் கல்யாணமும் சாவும் நடத்தத் தெரியாத மக்களை அப்படிப் பிரித்தார்கள். அவர்களாகவே மறுபடி கூடி மினசோட்டாவின் செயின்ட் பால், கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோ என்று ஊர் சேர்ந்தார்கள். 1970களின் கடைசியிலிருந்து ஆரோக்கியமான ஆண்கள் தூக்கத்திலேயே செத்தார்கள், தென்கிழக்கு ஆசிய அகதிகளில் இப்படிச் செத்தவர்கள் நூற்றுக்கு மேல், அதில் அதிகம் ஹ்மாங். இதயத்தின் மின்னோட்டக் கோளாறு என்று பிற்பாடு மருத்துவர்கள் சொன்னார்கள். போர்க்களத்தில் நின்ற கிழவர்கள் ஆங்கிலப் பரீட்சையில் தேறாததால் குடியுரிமை கிடைக்காமல் இருந்தார்கள், அவர்கள் மொழிக்கு ரோமன் எழுத்து வந்ததே 1950களில்தான், மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பரீட்சை எழுதலாம் என்று சட்டம் வந்தது 2000ல். 2011ல் வாங் பாவ் இறந்தபோது ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டில் இடம் தர அமெரிக்க ராணுவம் மறுத்தது. இவரைப் படை திரட்டச் சொன்னதும் அதே அரசுதான்.

இன்று அமெரிக்காவில் 3 லட்சத்துக்கு மேல் ஹ்மாங் இருக்கிறார்கள், அவர்களில் சட்டமன்ற உறுப்பினர்கள் உண்டு, ஒலிம்பிக் தங்கம் வென்ற சுனிசா லீ உண்டு. படித்து மேலே வந்தவர்களைப் பார்த்து நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் அகதிக் குழந்தையாக வந்து, நிரந்தர வசிப்புரிமையோடு நின்றுபோய், குடியுரிமை வாங்காமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். இளவயதில் ஏதோ ஒரு வழக்கில் தண்டனை பெற்று, அதை அனுபவித்து முடித்து, கல்யாணம் செய்து பிள்ளை வளர்த்துக்கொண்டிருந்த அவர்களில் சிலரை 2025ல் அமெரிக்கா லாவோஸுக்கு நாடு கடத்தியது. தாய்லாந்து முகாமில் பிறந்து, லாவோஸைக் கண்ணாலும் பார்த்திராதவர்கள் அதில் உண்டு. அந்த நாட்டு மொழி பேசத் தெரியாமல் வியன்தியானில் போய் இறங்குகிறார்கள்.