எஃகு ஆணியும் செப்புக் குழியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பெல்ஜியத்தில் ஆண்ட்வெர்ப் நகரிலுள்ள பிளான்டின்-மோரெட்டஸ் அருங்காட்சியகத்துக்குப் போயிருந்தேன். 1600-ஐ ஒட்டிய இரண்டு மர அச்சுப்பொறிகளைச் சுற்றித்தான் கூட்டம். வழிகாட்டியோ எஃகு ஆணிகளையும் செப்புத் துண்டுகளையும் காட்டி இவைதான் பொக்கிஷம் என்றார். அச்சடிப்பது ஈய எழுத்துதானே?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

வழிகாட்டி சொன்னது சரி. ஈய எழுத்து தேயும். தேய்ந்ததை உருக்கி மறுபடி வார்த்துக்கொள்ளலாம். அந்த எஃகு ஆணியும் (பஞ்ச்) செப்புத் துண்டும் (மேட்ரிக்ஸ்) தொலைந்தால் எழுத்தின் வடிவமே தொலைந்தது.

பஞ்ச்சின் நுனியில் எழுத்தை இடவலம் மாற்றி அரத்தாலும் உளியாலும் செதுக்குவார்கள். மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி படியவிட்டு, தாளில் ஒற்றிப் பார்ப்பார்கள். சரியாக வந்தால் பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்து இறுக்கி, செப்பில் அறைந்து குழி இறக்குவார்கள். வேலை கெடுவது இங்கேதான். அடி வாங்கிய செம்பு பக்கவாட்டில் பிதுங்கும், குழி கோணும். எல்லா எழுத்துக்கும் ஒரே ஆழம் வரும்வரை பொறுமையாக அராவ வேண்டும். ஆழம் மயிரிழை கூடினால் அந்த ஓர் எழுத்து மட்டும் உயர்ந்து நின்று தாளைக் குத்தும். குறைந்தால் மங்கலாக விழும். கோணல் மிஞ்சினால் வரியே ஆடும்.

அந்தச் செப்புத் துண்டை அடியில் வைத்து ஈய எழுத்தை வார்க்கும் கை அச்சு இரண்டு பாதிகளாலானது. பாதிகளை நகர்த்தி அகலத்தை மாற்றலாம் என்பதால் ஒல்லி எழுத்துக்கும் அகல எழுத்துக்கும் ஒன்றே போதும். ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனி என்ற உலோகமும் சேரும். ஆன்டிமனி இல்லாவிட்டால் எழுத்து சீக்கிரம் நசுங்கிவிடும். கரண்டியால் ஊற்றிய கையோடு அச்சை வெடுக்கென்று மேலே உதற வேண்டும். தாமதித்தால் குழியின் மூலைக்குப் போகுமுன் உலோகம் உறைந்து, மெல்லிய கோடுகள் மழுங்கிவிடும்.

பிரெஞ்சு எழுத்து வெட்டுநர் கரமோன் 1561-இல் இறந்தபின் அவர் வெட்டிய பஞ்ச்கள் சில ஆண்ட்வெர்ப் அச்சகர் பிளான்டினிடம் வந்தன. இன்னொரு பிரெஞ்சு வெட்டுநர் கிரான்ஜோன் வெட்டியவையும் உண்டு. 1576-இல் பிளான்டின் குடியேறிய, இன்று அருங்காட்சியகமாக உள்ள அந்த வீடு மருமகன் யான் மோரெட்டஸின் வாரிசுகளிடமே இருந்து, 1876-இல்தான் நகரத்துக்கு விற்கப்பட்டது. முந்நூறு ஆண்டு ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால்தான் இவ்வளவு எஃகும் செம்பும் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் தப்பின. அங்கே இருந்த கிரான்ஜோன் எழுத்தை வைத்து 1913-இல் மோனோடைப் நிறுவனம் 'பிளான்டின்' எழுத்துருவை உருவாக்கியது. 1932-இல் வந்த டைம்ஸ் நியூ ரோமன் அதிலிருந்து பிறந்தது. உங்கள் கணினியிலும் அது இருக்கும்.

அடுத்த முறை போனால் செப்புத் துண்டின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். அரம் ஓடிய தடத்தைத் தேடுங்கள்.