அந்த ஏழாவது பாட்டு

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எனக்கு வயது 23. அம்மாபேட்டையில் வீடு, ஐந்து ரோடு பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. பள்ளிக்கூட நாளில் இருந்தே ஓர் இங்கிலீஷ் பாடகி என்றால் எனக்கு உயிர். அவரே எழுதி, அவரே மெட்டுப் போட்டு, கிடார் வாசித்துப் பாடுவார். மூன்று வாரத்துக்கு முன்னால் அவருடைய புது ஆல்பம் வந்தது. கணவரைப் பிரிந்தது, அம்மாவைப் பறிகொடுத்தது எல்லாவற்றையும் 12 பாட்டாகப் பாடியிருக்கிறார். அதில் ஏழாவது பாட்டை மட்டும் தினம் இருபது, முப்பது தடவை கேட்கிறேன். முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் நின்றுபோய் டிரம்ஸ் மட்டும் தனியாக அடிக்கும். அங்கே வந்தால் அழுகை பொங்கிவிடுகிறது. டவுன் பஸ்ஸில்கூட அழுதிருக்கிறேன். "புரியாத பாட்டுக்கு என்னடி அழுகை? இப்ப யாரு செத்துப்போனா?" என்று அம்மா திட்டுகிறார். அண்ணன் போனைப் பிடுங்கி வைக்கிறான். அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது, அப்போதுகூட நான் இப்படி அழவில்லை. அப்பாவின் தறியையும் இந்த மாதம் பிரித்து எடுக்கப்போகிறார்கள், வீட்டில் இடம் வேண்டுமாம். எனக்கு என்ன ஆகிவிட்டது அக்கா? இந்தப் பாட்டைக் கேட்பதை நிறுத்திவிடட்டுமா? என்னை நீ என்றே எழுதுங்கள்.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சேலம்

பதில்: கண்ணு, உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை அது பாடகியைப் பற்றிய கடிதமாகத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை படிக்கும்போதுதான், அப்பா தவறியதை ஒரே வரியில் சொல்லிவிட்டு மூச்சு விடாமல் தறிக்குப் போயிருக்கிறாய் என்பது கண்ணில் பட்டது. "யாரு செத்துப்போனா" என்று அம்மா கோபத்தில் கேட்டதற்குப் பதில் அங்கேயே இருக்கிறது. உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. எட்டு மாதம் கழித்து உன் அப்பாவுக்காக அழுகிறாய்.

அந்த டிரம்ஸைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். பாப்-ராக் பாட்டுக்கு முதுகெலும்பே நாலு தட்டுக் கணக்குதான். ஒன்றிலும் மூன்றிலும் கால் டிரம் கனமாக விழும். இரண்டிலும் நான்கிலும் ஸ்நேர் என்கிற சின்ன டிரம் 'டக்'கென்று வெட்டும். பாட்டு முழுக்க அது அடியில் ஓடிக்கொண்டே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை. குரலும் கிடாரும் விலகிய பிறகு தட்டு மட்டும் மிஞ்சும். இப்போது உன் வீட்டை நினைத்துப் பார். காலில் மிதி, கையில் கயிற்று இழுப்பு, நாடா ஓடுகிற சரசரப்பு, பலகை வந்து விழுகிற அடி. பிறந்ததில் இருந்து 22 வருஷம் அந்தச் சத்தத்தில் சாப்பிட்டு, படித்து, தூங்கியிருக்கிறாய். எட்டு மாதமாக அது நின்றுபோயிருக்கிறது. அடித்துச் சொல்ல என்னால் முடியாது, ஆனாலும் எனக்கு இப்படித்தான் தோன்றுகிறது: அந்தப் பாட்டின் கடைசியில் உன் காது தறியைக் கேட்கிறது.

துக்கத்தில் இருக்கும்போது சோகப் பாட்டு கேட்டால் துக்கம் கூடிவிடும் என்று உன் அண்ணன் நினைக்கலாம். பிடுங்கி வைப்பதும் தங்கச்சி மேல் உள்ள பயத்தில்தான் இருக்கும். ஆனால் எல்லா நேரமும் அப்படி ஆவதில்லை. 2014ல் பெர்லின் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் பல நாடுகளைச் சேர்ந்த 772 பேரிடம், சோகமான இசை கேட்கும்போது மனசில் என்ன வருகிறது என்று கேட்டார்கள். அதிகம் பேர் சொன்னது சோகத்தை அல்ல, பழைய நினைவின் ஏக்கத்தை. உனக்கும் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மாவுக்கும் இது புரியாத விஷயம் இல்லை. அவருக்குப் புரியாதது இங்கிலீஷ் மட்டும்தான். எழவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பதை நீயும் பார்த்திருப்பாய். செத்தவரைப் பற்றித்தான் பாட்டு ஆரம்பிக்கும். நாலு அடி தாண்டுவதற்குள் ஒருத்தி தன் அம்மாவுக்காக அழுவாள், இன்னொருத்தி பத்து வருஷத்துக்கு முன்னால் போன தன் பிள்ளைக்காக அழுவாள். யாரும் யாரையும் "உனக்கு என்ன அழுகை" என்று கேட்பதில்லை. தன் துக்கத்தை இறக்கிவைக்க இன்னொருத்தியின் பாட்டு ஒரு சுமைதாங்கிக் கல். நீ டவுன் பஸ்ஸில் செய்தது இதைத்தான், கூட உட்கார ஆள் இல்லாமல் செய்திருக்கிறாய்.

இன்னொன்றும் தோன்றுகிறது. நம் சினிமாப் பாட்டை ஒருவர் எழுதுவார், ஒருவர் மெட்டுப் போடுவார், ஒருவர் பாடுவார், திரையில் வேறொருவர் வாயசைப்பார். அதனால் அதன் அழகு குறைந்துவிடாது. ஆனால் ஒப்பாரியில் சொல்லும் மெட்டும் குரலும் ஒரே பெண்ணுடையவை. துக்கமும் அவளுடையது. உன் பாடகி செய்வதும் அந்த வேலைதான். அந்தக் குரல் உனக்கு இத்தனை கிட்டத்தில் வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஆகவே கேட்பதை நிறுத்து என்று சொல்ல மாட்டேன். கேட்கிற விதத்தைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

1992ல் என் அண்ணன் தவறினார். பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய ஓர் இங்கிலீஷ் ராக் கேசட் அவருடைய பெட்டியில் இருந்தது. அதில் ஏ சைடில் மூன்றாவது பாட்டு என்னைப் பிடித்துக்கொண்டது. முடிந்ததும் ரீவைண்ட், மறுபடி பிளே. ஒரு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் கேட்கும்போது அந்தப் பாட்டு மட்டும் போர்வைக்குள் இருந்து பாடுவதுபோல் மங்கலாக இருந்தது. டேப் அந்த இடத்தில் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. முன்னும் பின்னும் உள்ள பாட்டெல்லாம் புதுசாக, கணீரென்று இருந்தன. அன்றைக்குத்தான் பி சைடைத் திருப்பிப் போட்டேன். கடைசிப் பாட்டு தொடங்கும் முன்னால் யாரோ சிரிக்கும் சத்தம், பிறகு ஒரு துள்ளலான மெட்டு. அண்ணன் அந்த கேசட்டை எந்தப் பாட்டுக்காக வாங்கினார் என்பதே எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் உறைத்தது. சிரிக்கிற பாட்டுக்காகவே வாங்கியிருக்கலாம். அண்ணன் நன்றாகச் சிரிக்கிறவர். ஒரு வருஷமாக அவருடைய சாவை மட்டும் கேட்டுக்கொண்டு, அந்தச் சிரிப்பை மறந்திருந்தேன்.

உன் போனில் டேப் தேயாது. முப்பதாவது தடவையும் முதல் தடவை போலவே கேட்கும், அதனால் போதும் என்று எதுவும் உனக்குச் சொல்லாது. நீயேதான் எட்டாவது பாட்டுக்குப் போக வேண்டும்.

அந்தக் காலத்து இசைத்தட்டு ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிஷம்தான் ஓடும். பல தட்டுகளை உறைகளில் போட்டுப் புத்தகம்போல் தைத்து விற்றார்கள். போட்டோ ஆல்பம் மாதிரி இருந்ததால் ஆல்பம் என்ற பெயர். 1948ல் எல்பி என்கிற நீண்ட நேர இசைத்தட்டு வந்த பிறகு ஒரு பக்கத்திலேயே இருபது நிமிஷத்துக்கு மேல் பாட முடிந்தது. பாட்டுகளை எந்த வரிசையில் வைப்பது என்பதும் அப்புறம் ஒரு கலையாகவே ஆகிவிட்டது. 2021 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகி அடீல் தன் '30' ஆல்பத்தை வெளியிட்டபோது, வரிசை கலையாமல் கேட்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதால், ஸ்பாட்டிஃபை என்ற பாட்டு கேட்கும் ஆப், ஆல்பம் பக்கத்தில் முன்னால் நின்ற, வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டனையே எடுத்துவிட்டது. உன் பாடகியும் 12 பாட்டையும் யோசித்துத்தான் அடுக்கியிருப்பார். ஏழாவதில் அவர் நின்றுவிடவில்லை. அவருடைய அம்மா போன பிறகும் ஐந்து பாட்டுப் பாடியிருக்கிறார். அவை என்ன சொல்கின்றன என்று உன் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏற்காடு பஸ்ஸில் ஏறு, ஜன்னலோரம் பார்த்து உட்கார். மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. பாதி மலை ஏறுவதற்குள் காது அடைத்துக்கொள்ளும், இயர்போனில் பாட்டு பக்கத்து ஊரில் கேட்பதுபோல் ஆகிவிடும். எச்சிலை விழுங்கினால் 'பட்'டென்று திறந்து அத்தனை வாத்தியமும் ஒன்றாகத் திரும்பி வரும். எனக்கு அந்தக் கணம் ரொம்பப் பிடிக்கும். ஆனால் உன் ஆல்பத்தை ஏறும்போது கேட்காதே. மேலே போய், லேடீஸ் சீட் என்கிற மலைமுனையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து முதல் பாட்டில் இருந்து பன்னிரண்டாவது வரை ஒரே மூச்சில் கேள். ஏழாவது வரும், அழுகையும் வரும், அழு. பாட்டு முடிந்ததும் கை போனுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். கீழே சேலம் முழுக்கத் தெரியும். அங்கிருந்து பார்த்தால் அம்மாபேட்டையும் ஒரு கைப்பிடிதான். விளக்கு எரிகிற நேரம் வரை இருந்துவிடாதே, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடு.

ராத்திரி முழு சத்தத்தில் வைத்துக் கேட்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடு. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம்தான் பாதுகாப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதைத் தாண்டினால் காது கெட்டுப்போகலாம், கெட்டது திரும்பாது.

இதையும் கேட்டுக்கொள். அழுது முடித்ததும் நெஞ்சு கொஞ்சம் லேசாகிறது என்றால் நல்லது. நாளுக்கு நாள் கனம்தான் ஏறுகிறது, சோறு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, 'இருந்து என்ன' என்ற நினைப்பு எட்டிப்பார்க்கிறது என்றால், அதைப் பாட்டோடு தனியாக வைத்துக்கொள்ளாதே. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் இருக்கிறது. ராத்திரி பகல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

அம்மாவிடம் வருகிறேன். வேலையெல்லாம் முடிந்து அவர் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது பாட்டை ஸ்பீக்கரில் போடு. இயர்போனில் ஒன்றை அவர் காதில் வைக்காதே, அது அவருக்குப் பழக்கமிருக்காது. முதலில் கதையைச் சொல்: "இந்தப் பொண்ணுக்கு அவங்கம்மா போயிட்டாங்க, அவளே கட்டிப் பாடியிருக்காம்மா." வரிக்கு வரி அர்த்தம் சொல்ல வேண்டாம், உன் வாயில் வருகிற தமிழில் இரண்டு வாக்கியம் போதும். டிரம்ஸ் வரும்போது எதுவுமே சொல்லாதே. அவர் முகத்தைப் பார். அந்தத் தறியின் பக்கத்தில் உன்னைவிட அதிக வருஷம் இருந்தவர் அவர். பிறகு, அப்பாவுக்கு அன்றைக்கு அவர் வைத்த ஒப்பாரியில் இரண்டு அடி சொல்லச் சொல்லிக் கேள். திட்டினாலும் கேள். அந்த வீட்டில் எட்டு மாதமாக அழாமல் இருப்பது நீ ஒருத்தி மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

தறி விஷயத்தில், பிரிக்கக் கூடாது என்று அண்ணனிடம் மல்லுக்கு நிற்காதே. இடம் இல்லாத வீட்டில் நின்றுபோன தறியைக் காத்து வைப்பது லேசான காரியமில்லை, அந்தக் கஷ்டம் அவனுக்கும் இருக்கும். ஒரே ஒரு நாள் தவணை கேள். உங்கள் தெருவில் இன்னும் கைத்தறி ஓட்டுகிற ஒருவரை, அப்பாவோடு பழகியவராக இருந்தால் ரொம்ப நல்லது, கூப்பிட்டு உட்கார வை. தறியில் பாவு நூல் மிச்சம் இருந்தால் அதையே நெய்யட்டும், இல்லையென்றால் கொஞ்சம் பூட்டித் தரச் சொல். ஒரு மணி நேரம் ஓடட்டும். உன் போனில் அதைப் பதிவு செய். போனைத் தறிமேல் வைக்காதே, அதிர்வு மட்டும்தான் விழும். சின்ன வயதில் அப்பா நெய்துகொண்டிருக்கும்போது நீ பாய் விரித்துத் தூங்கிய இடம் ஒன்று இருக்குமே, அங்கே வை.