கூடாரத்தில் படுக்காதவளுக்குத் தோழிகள் கிடைக்க மாட்டார்களா?

கேள்வி: நார்த் கரோலினாவில் கேரியில் இருக்கிறோம். மகளுக்கு டியூக் பல்கலைக்கழகம், சேப்பல் ஹில்லில் இருக்கும் யு.என்.சி. (நார்த் கரோலினா பல்கலைக்கழகம்) இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. உதவித்தொகையெல்லாம் போக செலவு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அவள் அதிகம் பேசாத பெண். கூடைப்பந்து பார்த்ததே இல்லை. டியூக்கில் ஒரு மேட்சுக்காக வாரக்கணக்கில் கூடாரத்தில் தூங்குவார்களாம், யு.என்.சி.யில் ஜெயித்தால் நடுத்தெருவில் நெருப்பு வைப்பார்களாம். இதிலெல்லாம் சேராதவள் தனியாகிவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. எதில் சேர்க்கலாம்?

பதில்: நீங்கள் கேள்விப்பட்ட இரண்டுமே உண்மைதான் சார். ஆனால் நெருப்பு இரண்டு பக்கமும் உண்டு. டியூக்கில் சொந்த மைதானத்தில் பரம வைரியான யு.என்.சி.யை ஜெயித்தால் விடுதி வாசலில் கிடக்கும் மரப் பெஞ்சுகளைத் தூக்கி வந்து கொளுத்துவார்கள், அதற்கு டியூக் இருக்கும் டர்ஹாம் நகரத்தின் தீயணைப்புத் துறையிடம் முன்கூட்டியே அனுமதியும் வாங்கி வைத்திருப்பார்கள்! சேப்பல் ஹில்லில் நெருப்புக்கு அப்படி அனுமதியெல்லாம் இல்லை, கடைசி விசில் அடித்ததும் ஆயிரக்கணக்கில் ஃபிராங்க்ளின் தெருவுக்கு ஓடுவதுதான். இரண்டு இடங்களின் குணமும் பாதி இதிலேயே தெரிந்துவிடும்.

டியூக்கில் இளநிலை மாணவர்கள் சுமார் 6,500 பேர்தான். கேமரன் அரங்கம் 1940இல் கட்டியது, 9,314 பேர்தான் உட்கார முடியும். அதனால்தான் டிக்கெட்டுக்கு அந்தக் கூடாரக் கூத்து. டியூக் கூடைப்பந்து அணியின் நெடுநாள் பயிற்சியாளராக இருந்த ஷஷெஃப்ஸ்கியின் பெயரில் அது 1986இல் தொடங்கியது, பெயரை முழுசாகச் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லாததால் கே-வில் என்பார்கள். ஒரு கூடாரத்துக்கு 12 பேர் வரை, பகலில் முறை வைத்து யாராவது இருக்க வேண்டும், ராத்திரியில் சிலராவது அங்கேயே தூங்க வேண்டும், நினைத்த நேரத்தில் வந்து தலை எண்ணுவார்கள். கேட்க பைத்தியக்காரத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இது அவ்வளவு மோசமான ஏற்பாடில்லை என்பது என் எண்ணம். "செவ்வாய் மூணு மணியிலிருந்து அஞ்சு வரை நீ" என்று அட்டவணை சொல்லிவிடும், வலியப் போய் யாரிடமும் பேச்சுக் கொடுக்க வேண்டியதில்லை, குளிரில் பக்கத்தில் போர்வைக்குள் சுருண்டு ஹோம்வொர்க் செய்கிறவளோடு பழக்கம் தானாக வந்துவிடும். விளையாட்டின் விதி தெரிய வேண்டுமென்றுகூட அவசியமில்லை. பிடிக்கவில்லையா, விட்டுவிடலாம், அந்த வழியே போகாமலேயே பட்டம் வாங்கிப் போனவர்கள் எத்தனையோ பேர்.

டியூக்கில் நான் யோசிப்பது வேறு விஷயத்துக்காக. முதல் வருடத்தார் சுமார் 1,700 பேரும் ஈஸ்ட் கேம்பஸ் என்ற தனி வளாகத்தில்தான் தங்க வேண்டும், 1995 முதல் அப்படித்தான். எல்லாருமே புதுசு, ஒரே சாப்பாட்டுக்கூடம், அந்த வருடம் நன்றாகவே போகும். இரண்டாம் வருடம் வேறு வளாகத்துக்கு மாறும்போது யார் யாரோடு தங்குவது, எந்தச் சங்கத்தில் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு அலை அடிக்கும். மென்மையான பிள்ளைகளுக்கு அது கொஞ்சம் வலிக்கும்.

யு.என்.சி. அதற்கு நேரெதிர். இளநிலையில் சுமார் 20,000 பேர். அரங்கமும் 21,000 பேருக்கு மேல் கொள்ளும், மாணவர் டிக்கெட் லாட்டரியில் வரும். கிடைக்காவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது, தேரோட்டம் மாதிரி ஊரே தெருவில் நிற்கும்போது உள்ளே யார் இருந்தார்கள் என்றா கேட்கப்போகிறார்கள்? 2022இல் ஷஷெஃப்ஸ்கியின் கடைசி உள்ளூர் மேட்சிலும் அவர்களே ஜெயித்தார்கள், அடுத்த மாதம் நியூ ஆர்லியன்ஸில் அவருடைய கடைசி மேட்சிலும் 81-77 என்று ஜெயித்தார்கள். அந்த ராத்திரி ஃபிராங்க்ளின் தெருவில் கால் வைக்க இடமில்லை. (டியூக் ஆட்களிடம் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.) கூட்டம் பிடிக்காது என்றால் பெண்கள் கால்பந்து இருக்கிறது, அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் மியா ஹாம் ஆடிய அணி அது, தேசியப் பட்டங்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் அமைதியாக உட்கார்ந்து பார்க்கலாம். தெற்காசிய மாணவர்களுக்குச் சங்கம் என்ற பெயரிலேயே ஒரு அமைப்பும் உண்டு.

பிரச்சினை எங்கே தெரியுமா? வெளிமாநிலத்தாருக்கு அங்கே 18 சதவீதம்தான் இடம், மீதி எல்லாரும் நார்த் கரோலினா பிள்ளைகள். கேரியிலிருந்து போகிறவளுக்குப் பள்ளிக்கூட முகங்களே வழியெல்லாம் எதிர்ப்படும். வீடும் அரை மணி, முக்கால் மணி நேரம்தான். வெள்ளிக்கிழமை அழுக்குத்துணி மூட்டையோடு வீடு, ஞாயிறு ராத்திரி சாம்பார் டப்பாவோடு விடுதி என்று ஆரம்பித்தால் நாலு வருடமும் அப்படியே போய்விடும். தனியாகிவிடுவாளோ என்கிற உங்கள் பயம் கூடைப்பந்தால் பலிக்காது சார், இதனால் பலிக்கலாம். டியூக்கும் பக்கம்தான், ஆனால் அங்கே பெரும்பாலானவர்களுக்கு வீடு தூரம், சனி ஞாயிறு எல்லாரும் வளாகத்தில் இருக்கும்போது இவளுக்குக் கிளம்ப மனசு வராது.

அதனால் நான் டியூக் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். முதல் ஆறு வாரம் கூப்பிட மாட்டோம், அவள் வந்தால்தான் உண்டு என்று நீங்களும் உங்கள் மனைவியும் உறுதியாக இருப்பீர்களென்றால் யு.என்.சி.யும் நல்ல தேர்வுதான். இரண்டுக்கும் நடுவே ராபர்ட்சன் பஸ் இலவசமாக ஓடுகிறது, ஒன்றில் படித்துக்கொண்டே மற்றதில் வகுப்பு எடுக்கலாம், தோழிகள் அங்கேயும் இருக்கலாம்.

பணம் கட்டுவதற்கு முன் மேட்ச் இல்லாத ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை சாயங்காலம் இரண்டு இடத்திலும் அவளை இறக்கிவிடுங்கள். கேண்டீனில் தனியாகச் சாப்பிட்டுவிட்டு வரட்டும். நீங்கள் காரிலேயே இருங்கள்.