கவுன்சில் நம்பர் கைக்கு வர்ற வரைக்கும் ஒரிஜினலை யாருக்கும் குடுக்காதீங்க அக்கா

அக்கா, நேத்து போன்ல நீங்க அழுதது இன்னும் காதுலயே நிக்குது, போன்ல பாதிதான் சொல்ல முடிஞ்சுது, அதான் உக்காந்து எழுதறேன். பாப்பாகிட்டயும் படிச்சுக் காட்டுங்க.

பாப்பா நாலு வருஷம் பிஎஸ்சி நர்சிங் முடிச்சாச்சு, ரிசல்ட்டும் வந்தாச்சு. நம்ம டவுன்ல ஒரு ப்ரைவேட் ஆஸ்பத்திரில "நாளைக்கே வந்து சேரும்மா, ரிஜிஸ்ட்ரேஷன்லாம் அப்புறம் பாத்துக்கலாம், ஒரிஜினல் சர்டிபிகேட் மட்டும் எங்ககிட்ட இருக்கட்டும்"ங்கறாங்க, ஷார்ஜால இருக்கற உங்க தம்பி என்னடான்னா பாஸ்போர்ட் எடுத்து இங்க அனுப்புங்கறாரு, வீட்டுக்காரர் கவர்மென்ட் வேலைதான்னு பிடிவாதமா நிக்கறாரு. மூணு பேர் சொல்றதுக்கும் முன்னாடி முடிக்க வேண்டிய வேலை ஒண்ணு இருக்குக்கா. கவுன்சில் ரிஜிஸ்ட்ரேஷன், அதாவது நம்ம மாநில நர்சிங் கவுன்சில்ல பேரைப் பதிவு பண்ணி நம்பர் வாங்கறது. அது இல்லாம பாப்பா நர்சிங் படிச்ச பொண்ணு, அவ்ளோதான். சட்டப்படி ரெஜிஸ்டர்டு நர்ஸ் ஆகறது அந்த நம்பர் விழுந்த பிறகுதான்.

நல்ல சேதி என்னன்னா, அமெரிக்காவுல என்க்ளெக்ஸ்னு ஒரு பரீட்சை எழுதி பாஸ் பண்ணாதான் லைசென்ஸ், நம்ம ஊர்ல அந்த மாதிரி தனி பரீட்சை கிடையாது. யுனிவர்சிட்டி பரீட்சை பாஸ் பண்ணி, கோர்ஸ் ஒழுங்கா முடிச்சதுக்குப் பேப்பர் எல்லாம் இருந்தா தமிழ்நாடு நர்சஸ் அண்ட் மிட்வைவ்ஸ் கவுன்சில்ல பதிவு பண்ணிக்கலாம். மெட்ராஸ்ல சாந்தோம் ஹைரோட்ல இருக்கு, 1926ல வந்த சட்டத்துல ஆரம்பிச்ச கவுன்சில். அப்ளிகேஷன் ஆன்லைன்லதான். பாப்பா நர்ஸ், மிட்வைஃப் ரெண்டாவும் பதிவாவா, ஆர்என், ஆர்எம்னு போடறாங்களே, அதான். அதுக்கப்புறம் டெல்லி இந்தியன் நர்சிங் கவுன்சிலோட ரிஜிஸ்டர்ல ஆதார் வச்சு என்யுஐடினு ஒரு நம்பர் தருவாங்க, அதையும் கையோட வாங்கிடுங்க.

சிக்கல் வர்றது எங்கன்னா பேர்லதான். நான் பாத்த பிள்ளைங்கள்ல பாதிப் பேர் மாட்டினது இதுலதான்க்கா. டென்த் மார்க் ஷீட்ல இனிஷியலோட சத்யானு இருக்கும், ஆதார்ல இங்கிலீஷ்ல ஒரு ஐ எழுத்து சேந்து சத்தியா ஆகியிருக்கும், காலேஜ்ல அட்மிஷன் போட்ட க்ளார்க் அப்பா பேரையும் சேத்து எழுதிருப்பாரு, பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டத்துல அப்பா பேர் போய் உக்காந்துருக்கும், ஒரே பொண்ணு நாலு பேப்பர்ல நாலு ஆளா நிப்பா. எப்பவும் டென்த் மார்க் ஷீட்டை அடிப்படையா வச்சுக்கோங்க, மத்ததை அதுக்கேத்த மாதிரி திருத்துங்க. ஆதார்ல பேர் மாத்த ஆயுசுக்கு ரெண்டு தடவைதான் விடுவாங்க, அதனால அவசரப்பட்டு ஒரு தடவையை வீணாக்கிடாதீங்க, மையத்துல டைப் பண்றவர் பக்கத்துலயே நின்னு ஒவ்வொரு எழுத்தா பாத்துட்டுதான் சரின்னு சொல்லணும். பிறந்த தேதியையும் அப்படியே பாருங்க, அதை ஆதார்ல மாத்த ஒரே ஒரு தடவைதான் விடுவாங்க.

இப்ப அந்த ஒரிஜினல் விஷயம். இதுல எனக்குப் பட்ட சூடு இருக்கு. நான் படிச்சு முடிச்ச புதுசுல ஒரு நர்சிங் ஹோம்ல இப்படித்தான் மார்க் ஷீட்டெல்லாம் வாங்கி பீரோல வச்சுப் பூட்டிட்டாங்க, பாண்டுனு ஒரு பேப்பர்ல படிக்காமலேயே கையெழுத்தும் போட்டுட்டேன். எட்டு மாசம் கழிச்சு கவர்மென்ட் வேலைக்கு சர்டிபிகேட் வெரிஃபிகேஷனுக்குக் கூப்பிட்டாங்க, ஒரிஜினலக் கேட்டா பணம் கட்டிட்டு எடுத்துக்கோன்னாங்க, எங்கப்பாகிட்ட அந்தப் பணம் இல்ல, தேதி போயிடுச்சு. அன்னிக்கு நைட் டூட்டில ட்ரிப் போட்டுக்கிட்டே அழுதேன். அந்த வலிலதான் உங்ககிட்ட இவ்ளோ கறாரா பேசறேன். ஜெராக்ஸ் குடுங்க, ஒரிஜினலைக் காட்டுங்க, பாத்துட்டுத் திருப்பித் தரட்டும். அதுக்கு ஒத்துக்காத இடத்துல பாப்பா சேர வேணாம். ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாம வார்டுல நிக்க வச்சு, நாளைக்கு ஒரு ஊசி தப்பாயிட்டா யார் தலைல விழும்னு யோசிங்க. சம்பளமும் ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத பொண்ணுன்னா கம்மியாதான் பேசுவாங்க.

காலேஜ்ல ஃபீஸ் பாக்கி எதுவும் இருந்தா அதை முதல்ல முடிங்க, கோர்ஸ் கம்ப்ளீஷன், ப்ரொவிஷனல், டிசி, எல்லா மார்க் ஷீட்டும் வாங்குங்க. அப்படியே ட்ரான்ஸ்க்ரிப்ட்டும் கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. எத்தனை மணி நேரம் தியரி, எத்தனை மணி நேரம் வார்டு வேலைனு கணக்கு போட்ட பேப்பர் அது, இப்ப தேவையில்லாத மாதிரி தெரியும், வெளிநாடுன்னு வந்தா அதுக்காகத் திரும்ப காலேஜ் வாசல்ல போய் நிக்கணும்.

உங்க அண்ணன் பொண்ணு பெங்களூருல ஜிஎன்எம், அதான் நர்சிங் டிப்ளமோ, படிக்குதுன்னீங்களே, அதுக்கு வழி வேற. அது முதல்ல கர்நாடகா கவுன்சில்ல பதிவாகி, அங்க ஆட்சேபணை இல்லைனு என்ஓசி வாங்கிட்டுதான் நம்ம கவுன்சிலுக்கு மாத்தணும். காலேஜ் இந்தியன் நர்சிங் கவுன்சில் லிஸ்ட்ல இருக்கான்னு இப்பவே பாக்கச் சொல்லுங்க, இல்லன்னா மாத்தற நேரத்துல மூச்சு முட்டும்.

வீட்டுக்காரர் சொல்ற கவர்மென்ட் வேலைக்கும் இதே நம்பர்தான் சாவி. தமிழ்நாட்டுல எம்ஆர்பினு அரசு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கற போர்டு எடுக்கறாங்க, சென்ட்ரல்ல எய்ம்ஸ்க்கு நார்செட்னு ஒரு பரீட்சை, பிஎஸ்சி முடிச்சவங்களுக்கு அனுபவம் கேக்கறதில்ல, ஜிஎன்எம்னா அம்பது பெட் ஆஸ்பத்திரில ரெண்டு வருஷம் வேணும். ரெண்டுக்குமே கவுன்சில் பதிவு இருக்கணும். பக்கத்துல பாண்டிச்சேரில ஜிப்மர் நர்சிங் ஆபீசருக்கும் அப்படித்தான். பாப்பாவுக்கு ஜிப்மர்தான் கனவுன்னு எனக்குத் தெரியும், நம்பர் வந்த அன்னிக்கே படிக்க உக்காரச் சொல்லுங்க.

தம்பிகிட்ட மட்டும் கொஞ்சம் பொறுமையா பேசுங்க. அவரு நல்லதுக்குத்தான் சொல்றாரு, ஆனா கல்ஃப்ல நர்ஸ் லைசென்ஸ்க்கு டேட்டாஃப்ளோனு ஒண்ணு பண்ணுவாங்க, காலேஜ், கவுன்சில், வேலை பாத்த ஆஸ்பத்திரினு ஒவ்வொரு இடத்துலயும் அவங்களே நேரா கேட்டு சரிபாப்பாங்க, அதனால யாரோ ஒரு ஏஜென்ட் "எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நான் ரெடி பண்றேன்"ன்னா வாசலோட அனுப்பிடுங்க, ஒரு தடவை போலினு பதிவாயிட்டா அப்புறம் பொண்ணோட எதிர்காலமே போச்சு. இன்னொண்ணு, 2015லேர்ந்து யுஏஇ, சவுதி மாதிரி நாடுகளுக்கு நர்ஸா போக எமிக்ரேஷன் கிளியரன்ஸ், அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போக நம்ம அரசாங்கம் தர்ற அனுமதி, கட்டாயம், டிகிரி முடிச்சிருந்தாலும்தான். விசிட் விசால வந்து வேலை தேடிக்கலாம்ங்கற பேச்சே வேணாம். நம்ம மாநில அரசோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஓஎம்சிஎல் மெட்ராஸ்ல இருக்கு, நர்ஸுங்களை அனுப்பறாங்க, அங்க விசாரிங்க. முதல்ல இங்க நல்ல ஆஸ்பத்திரில ஐசியூவோ கேஷுவாலிட்டியோ ரெண்டு வருஷம் உருப்படியா பாக்கட்டும், அந்த அனுபவம்தான் எந்த நாட்டுலயும் பேசும்.

கவுன்சில் பதிவுக்கு ரினியூவல் அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம், அதை பாப்பா போன்லயே இப்பவே போட்டு வைக்கட்டும்.

நாளைக்கு சனிக்கிழமை, நான் திருப்பாப்புலியூர் வீட்டுலதான் இருப்பேன். டென்த் மார்க் ஷீட், ப்ளஸ்டூ, ஆதார், காலேஜ் பேப்பர் எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு பாப்பாவோட பத்து மணிக்கு வந்துடுங்க, பேரை ஒவ்வொண்ணா ஒத்துப் பாத்துட்டு அப்ளிகேஷனை அங்கயே போட்டுடலாம். அந்த ஆஸ்பத்திரிக்காரங்க இன்னிக்கு போன் பண்ணா "திங்கக்கிழமை சொல்றோம்"னு மட்டும் சொல்லுங்க.