கோலார் தங்கவயல்: பாறை, பவுன், வெப்பம் – கேள்வி பதில்

கோலார் தங்கவயல் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். நிலவியல் படித்தவன், அந்த ஊரிலேயே வளர்ந்தவன். பேச்சு கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, சுரங்கச் சுவரில் தங்கம் மின்னுமா?

பதில்: சினிமாவில் மின்னும். இங்கே பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. ஆரம்பத்தில் ஒரு டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து பவுன் கிடைத்தது. 2001 பிப்ரவரியில் மூடும்போது சுமார் 3 கிராம். அரைப் பவுன்கூட இல்லை. சுரங்கம் ஏன் மூடப்பட்டது என்று கேட்டிருந்தவர்களுக்கும் இதிலேயே பாதி விடை இருக்கிறது.

கேள்வி: தங்கம் பாறைக்குள் எப்படிப் போனது?

பதில்: ஏறத்தாழ 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வழிந்த எரிமலைக் குழம்புதான் இந்தக் கரும்பாறை. பிறகு வெப்பத்திலும் அழுத்தத்திலும் அது உருமாறியது. அதன் விரிசல்கள் வழியே சூடான நீர் மேலேறி, கரைந்திருந்த சிலிக்காவையும் தங்கத்தையும் படியவிட்டது. அப்படிப் படிந்த வெண்கல் நரம்புகளில் பெயர்பெற்றது சாம்பியன் ரீஃப். செங்குத்துக்கு நெருக்கமாகச் சரிந்து இறங்கும் நரம்பு அது. துரத்திப் பிடிக்க வேண்டுமென்றால் கீழே போவதைத் தவிர வழியில்லை.

கேள்வி: வெள்ளியும் எடுத்தார்களா?

பதில்: தங்கத்தோடு கலந்தே வரும், சுத்திகரிக்கும்போது பிரியும். வெள்ளிக்காக யாரும் குழி தோண்டவில்லை.

கேள்வி: 3 கிலோமீட்டருக்கும் கீழே மனிதர்கள் எப்படி வேலை செய்தார்கள், அண்ணா?

பதில்: சிரமப்பட்டுத்தான். அடியில் பாறையின் சூடே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். மேலிருந்து குளிர்ந்த காற்றை இறக்கினார்கள். வெப்பத்தைவிட அச்சுறுத்தியது பாறை வெடிப்பு. மேலே கிடக்கும் பாறையின் எடையைத் தாங்கி நின்ற பகுதியை வெட்டிவிட்டால், மிச்சப் பாறைமேல் பாரம் ஏறி, ஒரு கணத்தில் சிதறும். மேலே நகரத்தில் வீடுகள் ஆடும். நிலநடுக்கம் என்றே வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். வெட்டிய வெற்றிடத்தைக் கருங்கல் அடுக்கி முட்டுக்கொடுத்தார்கள். அந்த வேலை செய்தவர்களில் வடஆர்க்காட்டுத் தமிழர்கள் ஏராளம். 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து சுரங்கத்துக்கு மின்சாரம் வந்த பெருமையைப் பேசுபவர்கள் இவர்களைப் பேசுவதில்லை என்பது என் பழைய கோபம்.

கேள்வி: ஊருக்கு நடுவே இருக்கும் மணல்மலைகள் என்ன?

பதில்: சயனைடு மேடுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைக் கரைத்தெடுத்தபின் கொட்டிய கழிவு. காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி. சாப்பாட்டுத் தட்டை மூடி வைத்துத்தான் வளர்ந்தோம். இந்த மேடுகளிலும் கொஞ்சம் தங்கம் மிஞ்சியிருக்கிறது.

கேள்வி: இப்போது இறங்கிப் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. நீரிறைக்கும் பம்புகள் நின்றதும் குழிகளில் தண்ணீர் ஏறிவிட்டது. 1965இல் இந்தச் சுரங்கத்தின் ஆழத்தில்தான், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் உண்டாக்கும் நியூட்ரினோக்களை, அதாவது பாறையையும் ஊடுருவிப் போகும் நுண்துகள்களை, கண்டறிந்தார்கள். மற்றக் கதிர்களை வடிகட்ட 2 கிலோமீட்டருக்கும் அதிகமான பாறை தலைக்குமேல் இருந்தது. அந்த இடமும் இன்று தண்ணீருக்கடியில்தான்.