ஈவிபி தீம் பார்க் எப்படி ஃபிலிம் சிட்டி ஆனது?

பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கத்தில் இருக்கிற அதே இடம்தான். 2012 வரை அது ராட்டினமும் தண்ணீர் விளையாட்டுமாக இருந்த கேளிக்கைப் பூங்கா. அந்த ஆண்டு ஜூனில் ஒரு ராட்டினத்திலிருந்து விழுந்து இளம் விமானப் பணிப்பெண் ஒருவர் இறந்துபோனார். பூங்கா மூடப்பட்டது.

சரி, அவ்வளவு பெரிய மனையை என்ன செய்வது? சினிமாவுக்கு வேண்டியது பெரும்பாலும் அங்கேயே இருந்தது: செட் போட வெட்டவெளி, லாரி வந்துபோக நெடுஞ்சாலை, வேடிக்கை பார்க்கிற கூட்டத்தைத் தள்ளி நிறுத்த வேலி. கோடம்பாக்கத்தில் இதெல்லாம் கிடைக்காது.

2017இல் தமிழ் பிக் பாஸ் வீடு அங்கே எழுந்த பிறகுதான் ஊருக்கே பெயர் தெரிந்தது. வீட்டுச் சுவரில் நாம் பார்க்கிற பெரிய கண்ணாடிகள் ஒருபக்கக் கண்ணாடிகள். பின்னால் இருட்டு நடைபாதையில் கேமராக்காரர்கள் சத்தமில்லாமல் நகர்ந்துகொண்டிருப்பார்கள். போட்டியாளருக்குத் தெரிவது தன் முகம் மட்டும்.

விபத்து மட்டும் அந்த இடத்தை விடவில்லை. 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்ததும் அங்கேதான்.