40.9-க்கும் 42.6-க்கும் நடுவில் காணாமல் போன தண்ணீர்

கேள்வி: ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் தொழிற்சாலையில்) பராமரிப்பு வேலையில் இருக்கிறேன். ஆர்.ஓ. பிளான்ட்டிலிருந்து டிரம்களுக்குத் திரும்பிப் போகும் நல்ல தண்ணீர் லைனில் டர்பைன் ஃப்ளோ மீட்டர் இருக்கிறது. அதன் சான்றிதழில் லிட்டருக்கு 9.62 பல்ஸ் என்று போட்டிருக்கிறது. முதலில் அந்தப் பல்ஸை நேராக பிஎல்சிக்கு (பிளான்ட்டை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினிக்கு) கொடுத்தோம். இரவில் சின்ன பம்ப் மட்டும் ஓடும்போது கணக்கு சரியாக வந்தது. பகலில் பெரிய பம்ப் போட்டால் பாதிகூட வரவில்லை. அதனால் ஒரு பல்ஸ் ஸ்கேலர் (உள்ளே வரும் பல்ஸ்களை நாம் வைக்கும் எண்ணால் பெருக்கி, குறைவான பல்ஸாக வெளியே விடும் பெட்டி) வாங்கி, 100 லிட்டருக்கு ஒரு பல்ஸ் வரட்டும் என்று 0.0010 வைத்தேன். நேற்று ஒரு ஷிஃப்ட்டில் மீட்டர் டிஸ்ப்ளே 42.6 கனமீட்டர் காட்டியது, பிஎல்சி 40.9 காட்டுகிறது. ஸ்கேலரை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். அது நீங்கள் சொன்னதைத்தான் செய்கிறது. சொன்ன எண்ணில்தான் 1.7 கனமீட்டர் காணாமல் போகிறது.

முதலில் பழைய கோளாறைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஸ்கேலர் எதற்கு என்பது அதில்தான் புரியும். பெரிய பம்ப் மணிக்கு 30 கனமீட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 8.33 லிட்டர், அதாவது சுமார் 80 பல்ஸ். ஒரு பல்ஸ் ஆனில் இருக்கும் நேரம் 6 மில்லி செகண்ட் சொச்சம். பிஎல்சியின் சாதாரண இன்புட்டில் பெரும்பாலும் 10 மில்லி செகண்ட் ஃபில்டர் இருக்கும். அதற்கு மேல் புரோகிராம் ஒரு சுற்று வர 20 ஆகிறது என்றால், ஒரு பல்ஸ் நிச்சயமாகக் கண்ணில் பட அது 30 மில்லி செகண்டாவது ஆனில் நிற்க வேண்டும், ஆஃபிலும் அப்படியே. 6 மில்லி செகண்ட் பல்ஸ் அங்கே கதவைத் தட்டிவிட்டு ஓடிப்போகும் பிள்ளை மாதிரி, திறப்பதற்குள் ஆள் இல்லை. இரவில் மணிக்கு 5 கனமீட்டர் போகும்போது நொடிக்கு 13 பல்ஸ்தான், ஒவ்வொன்றும் 37 மில்லி செகண்ட் நிற்கிறது. அதனால் எண்ண முடிந்தது. ஸ்கேலர் வாங்கியது சரியான முடிவு.

இப்போது 0.0010 விஷயம். 100 லிட்டருக்கு வரும் பல்ஸ் 962. ஒன்றை 962-ஆல் வகுத்தால் 0.0010395. உங்கள் ஸ்கேலர் புள்ளிக்குப் பிறகு நான்கு இடம்தான் வாங்கும்போல, அதனால் கடைசி 395-ஐ விட்டுவிட்டு 0.0010 வைத்திருக்கிறீர்கள். பார்க்கச் சின்ன எண், ஆனால் கிட்டத்தட்ட 4 சதவீதம். கணக்குப் போட்டே பாருங்கள்: 42,600 லிட்டருக்கு 4,09,812 பல்ஸ். அதை 0.0010-ஆல் பெருக்கினால் 409.8. முழுதாக வெளியே வந்தது 409 பல்ஸ், அதாவது 40.9 கனமீட்டர். நீங்கள் சொன்ன அதே எண்.

வழி இரண்டு இருக்கிறது. முதலாவது, 100 லிட்டருக்குப் பதில் 10 லிட்டருக்கு ஒரு பல்ஸ் கேளுங்கள். 96.2 பல்ஸுக்கு ஒன்று, அதாவது 0.010395. நான்கு இடத்துக்குச் சுருக்கினால் 0.0104. பிழை 0.05 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும். அதே ஷிஃப்ட்டில் 4260 வர வேண்டிய இடத்தில் 4262 வரும், 20 லிட்டர் வித்தியாசம். டர்பைன் மீட்டரின் சொந்தத் தவறே அதைவிட அதிகம். பெரிய பம்ப் முழு வேகத்தில் ஓடினாலும் 1.2 நொடிக்கு ஒரு பல்ஸ்தான், பிஎல்சி சாவகாசமாக எண்ணும். புரோகிராமில் 100 என்று இருக்கும் பெருக்கல் எண்ணை 10 ஆக்க மறக்காதீர்கள். மறந்தால் தண்ணீர் பத்து மடங்கு ஓடியதாகக் காட்டி மேனேஜருக்கு மாரடைப்பு வரும்.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: ஸ்கேலரில் 0.0100 என்று முழு எண்ணாக வைத்து, உள்ளே 100 வந்தால் வெளியே 1 என்று விட்டுவிடுங்கள். ஒரு பல்ஸின் மதிப்பு 10.395 லிட்டர் என்று பிஎல்சியில் எழுதுங்கள். மீட்டரை மறுபடி அளவு திருத்தி 9.62 மாறி வந்தாலும் ஸ்கேலரைத் தொட வேண்டியதில்லை. பேனல் முகப்பில் டக் டக்கென்று உருளும் மெக்கானிக்கல் கவுன்ட்டரும் வேண்டும் என்றால் இது உதவாது, அதில் பெருக்க முடியாதே. அப்போது முதல் வழிதான்.

சரி, வயரிங். டர்பைன் தலையில் ஆம்ப்ளிஃபையர் சேர்ந்தே இருந்தால் மூன்று வயர் வரும்: வழக்கமாகப் பிரவுன் பிளஸ் 24 வோல்ட், நீலம் மைனஸ், கறுப்பு சிக்னல். வெறும் காயில் மட்டும் என்றால் இரண்டு வயர்தான். அது தரும் மில்லிவோல்ட் அலையை எல்லா ஸ்கேலரும் வாங்காது, அதற்கென்று தனி இன்புட் இருக்கிறதா பாருங்கள். மூன்று வயர் மீட்டர் என்பிஎன் வகையா (சிக்னலை மைனஸ் பக்கம் இழுப்பது), பிஎன்பி வகையா (பிளஸ் பக்கம் இழுப்பது) என்று தாளில் பார்த்து ஸ்கேலரின் டிப் ஸ்விட்சையும் அதற்கேற்ப வையுங்கள். என்பிஎன் என்றால் சிக்னலை 24 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்க ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ஸ்கேலருக்குள்ளேயே இருந்தால் நல்லது, இல்லையென்றால் 4.7 கிலோ ஓம் ஒன்று வெளியே போடுங்கள்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசிலோஸ்கோப் தேடி அலைய வேண்டாம். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து சிக்னலுக்கும் மைனஸுக்கும் நடுவே பிடியுங்கள். தண்ணீர் நின்றிருக்கும்போது 0 அல்லது 24-ஐ ஒட்டி ஏதாவது ஒன்று காட்டும். ஓடும்போது பாதிக்கு முன்பின், 12 வோல்ட் பக்கத்தில் நிற்கும். ஓடும்போதும் அசையாமல் 0-விலோ 24-லோ நின்றால் பல்ஸ் வரவில்லை என்று அர்த்தம். இன்னொன்று, ரீட் ஸ்விட்ச் (காந்தம் பக்கத்தில் வந்தால் மூடும் ஸ்விட்ச்) துள்ளலைத் தடுப்பதற்கென்று பல ஸ்கேலர்களில் ஒரு ஃபில்டர் ஸ்விட்ச் இருக்கும். டர்பைனுக்கு அதை ஆஃபில் வையுங்கள். ஆனில் விட்டால் பகல் நேரத்துப் பல்ஸ்களை அது தின்றுவிடும், பிஎல்சியில் பட்ட அவதியையே மறுபடி படுவீர்கள்.

சிக்னல் வயரில் ஏறும் மின் இரைச்சல் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும், நான் சூடு பட்டது அங்கேதான். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வால்வு மூடியிருக்கும்போதே கவுன்ட்டர் ஏறுகிறது என்று கூப்பிட்டார்கள். ஸ்கேலரை மாற்றினேன், ஏறியது. சென்சாரை மாற்றினேன், அப்போதும் ஏறியது. ராத்திரி பேனல் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஸ்கேலரின் இன்புட் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு சும்மாதான் இருந்தது. ஹை பிரஷர் பம்பின் டிரைவ் (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வேகம் பிடிக்கத் தொடங்கியதும் மின்மினி மாதிரி படபடவென்று துடித்தது. டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் கேபிளும் நம் சிக்னல் வயரும் ஒரே டிரேயில் தோளோடு தோள் உரசிக்கொண்டு போயிருந்தன. ஷீல்டையும் இரண்டு முனையிலும் எர்த் செய்து வைத்திருந்தார்கள். சிக்னலைத் தனிக் குழாயில் எடுத்து, ஷீல்டை பேனல் முனையில் மட்டும் எர்த் செய்ததும் அடங்கிவிட்டது. இரண்டு நாள் வேலை, தீர்த்தது அரை மணி நேரம். உங்களுடையதும் ஆர்.ஓ. பிளான்ட்தான், டிரைவ் இல்லாமல் இருக்காது. கேபிள் எங்கே போகிறது என்று இன்றைக்கே ஒரு நடை பார்த்துவிடுங்கள். குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும் என்றால் செங்கோணத்தில் கடக்கட்டும்.

வெளியே போகும் பல்ஸின் அகலத்தை 100 மில்லி செகண்ட் வையுங்கள். 100 ஆன், 100 ஆஃப் என்றால் நொடிக்கு 5 பல்ஸ் வரை போகும், உங்களுக்கு ஒன்றுகூடத் தேவையில்லை. மெக்கானிக்கல் கவுன்ட்டர் போட்டால் அதன் காயிலுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். இது இல்லாமல் ஸ்கேலரின் டிரான்சிஸ்டர் சில மாதத்தில் போய்விடும், பழி ஸ்கேலர் மேல் விழும். கவுன்ட்டரையும் பிஎல்சியையும் ஒரே அவுட்புட்டில் சேர்த்துக் கட்டாதீர்கள். இரண்டாவது அவுட்புட் இருந்தால் அதில் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு ரிலே.

அப்புறம், கரண்ட் போனால் என்ன ஆகும்? பாதி எண்ணி வைத்ததைச் சில ஸ்கேலர்கள் நினைவில் வைக்கும், சில மறந்துவிடும். மறக்கிற வகையாக இருந்தாலும் 10 லிட்டர் பல்ஸில் ஒரு தடவைக்கு இழப்பு அதிகபட்சம் 10 லிட்டர். ஒரு கனமீட்டருக்கு ஒரு பல்ஸ் என்று வைப்பவர்களுக்கு அதே இடத்தில் 1000 லிட்டர் வரை போகும். கரண்ட் திரும்பும்போது பொய்ப் பல்ஸ் ஒன்று விழுகிறதா என்றும் பாருங்கள்: தண்ணீரை நிறுத்திவிட்டு ஸ்கேலரின் சப்ளையை மட்டும் பத்துத் தடவை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், எண் அசையக் கூடாது.

கடைசியாகச் சோதனை. 1000 லிட்டர் டேங்க்கை நிரப்பிப் பார்த்து 100 பல்ஸ் வந்தது என்று திருப்திப்படாதீர்கள். ஒரு பல்ஸ் முன்பின் போனாலே அங்கே ஒரு சதவீதம். ஒரு முழு ஷிஃப்ட் ஓட்டி, தொடக்கத்திலும் முடிவிலும் மீட்டர் டிஸ்ப்ளேயையும் பிஎல்சியையும் ஒரே நேரத்தில் போட்டோ எடுத்துக் கழித்துப் பாருங்கள். நீரில்லாத ஆறு என்று பாலாற்றைச் சொல்லும் சீமை இது. தோல் ஷாப்புகள் மீதான வேலூர் வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு இங்கே யாரும் தண்ணீர்க் கணக்கை அசட்டையாக எடுத்துக்கொள்வதில்லை. 1.7 கனமீட்டர் எங்கே என்று ஆடிட்டில் கேட்டால் போட்டோ பேசும்.

எல்லாம் ஒத்து வந்ததும் 9.62, 0.0104, 10 லிட்டர், 100 மில்லி செகண்ட் (இரண்டாவது வழி என்றால் 0.0104, 10-க்குப் பதில் 0.0100, 10.395) என்று ஒரு சீட்டில் எழுதித் தேதி போட்டு பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.